வெளுத்ததெல்லாம் பாலா?

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடாதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பால்காரரை மட்டும் உத்தேசித்து அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மனிதர் முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லிக்கொண்டு டப்பா டப்பாவாக வெள்ளைக் களிம்புகள் கடைத்தெருவுக்கு வரப்போகிற காலத்தையும் ஞான திருஷ்டியில் கண்டுவிட்டுத்தான் எச்சரித்திருக்க வேண்டும்.

அந்தக் காலம் வந்து வெகு நாளாகிறது. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள் புகுந்து, ஜனப் பிரவாகத்தில் மிதந்து உஸ்மான் சாலையில் கரையேறுவதற்குள் எத்தனை விதமான களிம்புகள் நம் கண்ணில் படுகின்றன! ஏழு நாளில் சிவப்பு, பத்து நாளில் சிவப்பு, ஒரே இரவில் சிவப்பு. தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. வெளுப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாம் சிவப்பு என்று சொல்லுகிறோம். ‘பெண் நல்ல சிவப்பு’ என்றால் பெண் வெளுப்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு மோகத்துக்குச் சரியான பெயர்கூட வைக்காமல் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கட்டுரையில் நான் சண்டைக்கு இழுப்பது இரண்டு கூட்டத்தாரை. ஒரு கூட்டத்தார் வெளுப்பை விற்கிறவர்கள். இன்னொரு கூட்டத்தார் ‘இயற்கை’ என்ற வார்த்தையை விற்கிறவர்கள். இருவரும் ஒருவருக்கொருவர் ஜன்மப் பகைவர்கள் என்று ஊரார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கோ இருவரும் ஒரே கடையின் இரண்டு வாசல்கள் என்றுதான் படுகிறது. எந்த வாசல் வழியாகப் போனாலும் உள்ளே விற்கிற சரக்கு ஒன்றே. ‘உன் முகம் இப்போது இருக்கிறபடி இருந்தால் போதாது’ என்பதுதான் அந்தச் சரக்கு.

முதல் வாசலைப் பார்க்கலாம்.

தியாகராய நகரில் வளையலும் ரிப்பனும் விற்கிற கடை ஒன்றில் ஒரு தாயும் கல்லூரியில் படிக்கிற வயதுள்ள பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள். தாயின் கையில் ஒரு சின்ன டப்பா. மூடியில் ஒரு வெள்ளைக்காரியின் படம். அதைத் தவிர எழுத்து என்று ஒன்றும் இல்லை.

“ஏம்ப்பா, இதுல பேரு, ஊரு ஒண்ணும் போடலியே?” என்று கேட்டாள் அந்த அம்மாள்.

“ஃபாரின் அயிட்டம்மா. அதெல்லாம் போடமாட்டாங்க. பத்து நாள்ல கலர் மாறலேன்னா எங்கிட்ட வந்து கேளுங்க” என்றான் கடைப் பையன்.

அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பெயரும் ஊரும் தெரியாத ஒரு மனுஷனை அந்த அம்மாள் தன் வீட்டுச் சமையல் அறைக்குள் விடுவாளா? நிச்சயம் விடமாட்டாள். ஆனால் பெயரும் ஊரும் தெரியாத ஒரு வஸ்துவைப் பெண்ணின் முகத்துக்குள் விட்டுவிட்டாள்.

அந்த மாதிரி டப்பாவுக்குள் என்ன இருக்கக்கூடும் என்பதற்கு நம் பக்கத்து ராஜ்யத்திலிருந்தே சாட்சி இருக்கிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையின் சிறுநீரக வைத்தியர்கள், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரையில் தங்களிடம் வந்த ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு வந்திருந்தது அந்த நோயிலும் அபூர்வமான ஒரு ரகம். அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருவதற்கு முன்னால் முகத்தை வெளுக்க வைக்கும் களிம்பு பூசிக்கொண்டிருந்தவர்கள். சிறுநீரகத்தில் இருக்கும் வடிகட்டி பழுதாகி, உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறுகிறது. சிறுநீர் நுரைக்கிறது, காலும் முகமும் வீங்குகின்றன. களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. இதை அந்த வைத்தியர்கள் சர்வதேச மருத்துவப் பத்திரிகை ஒன்றிலேயே எழுதியிருக்கிறார்கள்.

காரணம் பாதரசம். நம் சருமத்துக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அது உற்பத்தியாவதற்கு ஒரு நொதி வேண்டும். பாதரசம் அந்த நொதியை முடக்கிப் போடுகிறது. ஆகவே முகம் வெளுப்பது உண்மைதான். கடைப் பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதரசம் முகத்தோடு நின்றுவிடுவதில்லை. சருமத்துக்குள் ஊறி, ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. பூசிக்கொண்டவளின் கையிலிருந்தும் துண்டிலிருந்தும் தலையணை உறையிலிருந்தும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது போய்ச் சேரலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது. அழகு அவளுக்கு, நோய் குடும்பத்துக்கு என்று ஆகிவிடுகிறது.

பாதரசம் என்றால் தமிழ் நாட்டாருக்குப் புதிய பெயரா? கொடைக்கானலில் இயங்கி வந்த தெர்மாமீட்டர்த் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே வந்த விவகாரத்தில் 2001-ல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேரின் வழக்கு 2016-ல்தான் சமரசத்துக்கு வந்தது. மலை மேல் இருந்த பாதரசத்துக்காக நாம் ஊர்வலம் போனோம், பாட்டுப் பாடினோம், கோர்ட்டுக்குப் போனோம். கைப்பைக்குள் இருக்கிற பாதரசத்துக்கோ பணம் கொடுத்து, மிச்சச் சில்லறையையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுகிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மினமாதா உடன்படிக்கை 2013-ல் உருவாயிற்று. பாதரசத்தால் சீரழிந்த ஜப்பானிய ஊர் ஒன்றின் பெயர் அது. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. 2020-ஆம் வருஷத்து அழகுப் பொருள் விதிகளின்படி, கண்ணுக்கு இடுபவற்றைத் தவிர மற்ற எதிலும், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. செய்தவர் பெயர், விலாசம், லைசென்ஸ் எண், தொகுதி எண், கெடு தேதி, கலந்த பொருள்களின் பட்டியல் எல்லாம் டப்பாவின் மேல் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். ‘ஃபாரின் அயிட்டம், அதெல்லாம் போடமாட்டாங்க’ என்ற பதிலிலேயே குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

பாதரசம் இல்லாத டப்பாக்களில் இன்னொரு விஷமம் நடக்கிறது. தோல் வைத்தியர்கள் சில நாளைக்கு மட்டும் எழுதிக் கொடுக்கிற ஸ்டீராய்டு களிம்புகளை மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் முகத்துக்குப் பவுடர் மாதிரி பூசிக்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள், அழகு நிலையத்தில் சொன்னார்கள், மருந்துக் கடையில் கொடுத்தார்கள் என்பார்கள். முதல் மாதம் முகம் பளிங்கு மாதிரி இருக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். பருக்கள் கிளம்பும், வேண்டாத ரோமம் முளைக்கும். நிறுத்தினாலோ முகம் தீப்பட்ட மாதிரி சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே எடுத்துப் பூசுவார்கள். கள்ளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2018-ல் சர்க்கார் இந்த ரகக் களிம்புகளில் பலவற்றை, வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டுக் கேட்கிற மருந்துக் கடைக்காரர் எத்தனை பேர் என்பதை வாசகர்கள் தங்கள் தெருவிலேயே பரீட்சை செய்து பார்க்கலாம்.

இந்தப் பெண்களைக் களிம்புக் கடைக்கு அனுப்புகிறவர்கள் யார்? அவர்களாகவா போகிறார்கள்? பெண் பார்க்க வந்துவிட்டு, ‘கொஞ்சம் மாநிறந்தான்’ என்று இழுத்துவிட்டுப் போகிற மாமிதான் அனுப்புகிறாள். ‘சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை’ என்று விளம்பரம் கொடுக்கிற தகப்பனார் அனுப்புகிறார். கதாநாயகி என்றால் எலுமிச்சம்பழ நிறம், வில்லி என்றால் அட்டைக் கறுப்பு என்று எழுதிக் குவிக்கிற கதாசிரியர்களும் சினிமாக்காரர்களும் அனுப்புகிறார்கள். 1975-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பில் பாதரசம் இருந்ததாக நான் சொல்லவில்லை. அதன் விளம்பரங்கள் செய்த காரியம் வேறு. கறுப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் கிடைக்காது, வெளுத்தால் இரண்டும் கிடைக்கும் என்று பல வருஷ காலம் தேசம் முழுவதற்கும் பாடம் நடத்தினார்கள். 2014-ல்தான் விளம்பரக்காரர்களின் கட்டுப்பாட்டுச் சபை, கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விதி செய்தது. 2020-ல் அந்தக் களிம்பு ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று நாமகரணம் செய்துகொண்டது. பெயர் மாறினால் ஜாதகம் மாறிவிடுமா?

நம் ஊருக்கு ஒரு கௌரவம் உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். கறுப்பும் அழகே என்ற இயக்கத்தை 2009-ல் தொடங்கியது சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வர்த்’ என்ற சங்கந்தான். பிற்பாடு நடிகை நந்திதா தாஸ் சேர்ந்துகொண்டதும் அது தேசமெங்கும் பேசப்பட்டது. அதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்பே திருவல்லிக்கேணியில் ஒருவர் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பீஷ்மரின் அம்புகள் பட்ட தழும்புகளை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு உற்சவத்துக்கு எழுந்தருளுகிறாரே, அந்தப் பார்த்தசாரதியைத்தான் சொல்லுகிறேன். பெயரோ கிருஷ்ணன்; கறுப்பன் என்று அர்த்தம். முகத்திலோ தழும்பு. கன்னத்தில் போட்டுக்கொண்டு சேவித்துவிட்டு வீட்டுக்கு வந்து, பெண்ணின் முகத்தில் ஒரு பருத் தழும்பு விழுந்துவிட்டதே என்று மூக்கைச் சிந்துகிறோம்!

இனி இரண்டாவது வாசல்.

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த மாமி ஒருத்தி இருக்கிறாள். மகா கெட்டிக்காரி. முகத்துக்குக் களிம்பு, தலைக்குத் தைலம், குழந்தைக்குப் பொடி எல்லாம் வீட்டிலேயே தயார் செய்து, வாட்ஸ்ஆப்பில் படம் போட்டு விற்கிறாள். ஒரு நாள் என்னிடம் பெருமையாகச் சொன்னாள்:

“எங்காத்துச் சரக்குல கெமிக்கல்ங்கற பேச்சே கிடையாது, தெரியுமோ! எல்லாம் நேச்சுரல்.”

“குங்குமம்கூட ஆத்துலயே பண்றேளாமே, மாமி?”

“ஆமாம். மஞ்சள், வெண்காரம், படிகாரம், எலுமிச்சஞ்சாறு. அவ்வளவுதான்.”

“நாலுல ஒண்ணுகூடச் சிவப்பு இல்லையே. குங்குமம் எப்படிச் சிவக்கிறது?”

மாமி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அது கற்பகாம்பாள் கிருபை” என்றாள்.

“அந்தக் கிருபைக்குத்தான் ரசாயனம்னு பேர், மாமி!” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதல்ல. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் வெண்காரத்தோடு சேர்ந்து வேறொரு பொருளாகிச் சிவக்கிறது. நம் பாட்டிமார்கள் முதல் தரமான ரசாயன நிபுணர்கள். அவர்கள் ரசாயனத்தைக் கண்டு பயப்படவில்லை. எது எதோடு சேரும், எவ்வளவு சேரும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்த ஞானத்தைக் கைவிட்டுவிட்டு, ‘கெமிக்கல் கிடையாது’ என்ற மந்திரத்தை மட்டும் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

‘இயற்கை’ என்ற வார்த்தைக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது என்பதற்குப் பாதரசத்தைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? அது எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்ததல்ல. பூமாதேவியின் வயிற்றிலிருந்து வந்த சுத்த இயற்கைச் சரக்கு. நான் மேலே சொன்ன அதே அபூர்வமான சிறுநீரக நோய், பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கும் வந்திருப்பதை 2022-ல் வைத்தியர்கள் எழுதினார்கள். வெளிநாட்டு டப்பாவானாலும் சரி, உள்ளூர்ச் செப்பானாலும் சரி, சிறுநீரகத்துக்குத் தேசபக்தி கிடையாது.

நலங்கு மாவில் சிலர் கார்போக அரிசி சேர்க்கிறார்கள். வெண்குஷ்டம் என்று சொல்லுகிற வெண்புள்ளிகளுக்கு வைத்தியர்கள் கையாளுகிற சரக்கு அது. அதில் இருக்கிற ஸோரலென் என்ற பொருள், வெயிலின் வேகத்தைச் சருமத்தில் பன்மடங்காக ஏற வைப்பது. அதைப் பூசிக் குளித்துவிட்டுப் பகல் பன்னிரண்டு மணிக்கு அடையாறு பஸ்ஸுக்காக நின்றால் முகம் கன்றிக் கறுக்கலாம். வெளுக்க ஆசைப்பட்டவள் காசு கொடுத்துக் கறுப்பை வாங்கிக்கொள்ளுகிறாள்! எலுமிச்சம்பழத்தை நறுக்கி முகத்தில் தேய்க்கச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் தோலிலும் இதே குணமுள்ள பொருள்கள் உண்டு. சாறோ, நம் சருமத்தின் இயல்பான புளிப்பைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு புளிப்பு. ஊறுகாய்க்கு உகந்தது, கன்னத்துக்கு உகந்ததல்ல.

‘மூலிகைக் கருப்பு மருதாணி’ என்று பொட்டலம் விற்கிறார்கள். மருதாணி சிவக்கும், ஒரு நாளும் கறுக்காது. கன்னங்கரேலென்று கறுத்தால் அதில் தலைச் சாயத்தில் போடுகிற பி.பி.டி. என்ற பொருள் கலந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொப்புளமும் வீக்கமும் கொடுக்கிற வஸ்து அது. ஸ்டிக்கர்ப் பொட்டின் பசையில் இருந்த ஒரு பீனால் வகை, நெற்றியில் பொட்டு வைத்த இடத்திலேயே வெள்ளைத் தழும்பை உண்டாக்கியதை 1990 வாக்கிலேயே நம் நாட்டு வைத்தியர்கள் கண்டு எழுதினார்கள். முகம் முழுவதும் வெளுக்க ஆசைப்படுகிற நாட்டில் பொட்டளவு வெளுத்ததற்கு அந்தப் பெண்கள் பட்ட அவமானம் கொஞ்சமா?

மஞ்சளின் கதை எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம். வங்காள தேசத்தில் 1980-களில் பெரு வெள்ளம் வந்து மஞ்சள் அறுவடை நனைந்துவிட்டது. கிழங்குகள் நிறம் மங்கிப் போயின. மங்கிய மஞ்சளை வாங்க ஆளில்லை. வியாபாரிகள் லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைக் கிழங்கின் மேல் ஏற்றிப் பளபளக்க வைத்தார்கள். வெள்ளம் வடிந்துவிட்டது, வழக்கம் வடியவில்லை. 2019-ல் ஆராய்ச்சியாளர்கள் இதை வெளிப்படுத்திய பிறகே அந்த நாட்டுச் சர்க்கார் விழித்துக்கொண்டு அடக்கியது. நம் பாட்னா நகரத்து மஞ்சளிலும் ஈயம் ஏராளமாக இருந்ததைப் பின்னால் வந்த ஆராய்ச்சி காட்டிற்று. யோசித்துப் பாருங்கள். கிழங்கைக்கூட நாம் நிறம் பார்த்துத்தான் கட்டிக்கொள்ளுகிறோம். மஞ்சளும் வேறு வழியில்லாமல் விஷம் பூசிக்கொண்டு பெண் பார்க்கும் கூடத்துக்கு வந்து உட்காருகிறது!

இங்கேதான் இரண்டு வாசல்களும் ஒரே கடைக்குள் போய்ச் சேருகின்றன. ‘இது ரசாயனமா, இயற்கையா?’ என்று கேட்கிறவரையில் நாம் ஏமாந்துகொண்டே இருப்போம். ‘இதனிடம் நான் என்ன கேட்கிறேன்?’ என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அழுக்குப் போக வேண்டும் என்று கேட்டால் பயத்தம் மாவு போதும். வறட்சி போக வேண்டும் என்றால் ஒரு துளி தேங்காய் எண்ணெய் போதும். என் நிறமே போக வேண்டும் என்று கேட்டால், அதைச் செய்து கொடுக்க விஷம் வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் கிடைக்காவிட்டால் காட்டிலிருந்து கொண்டு வருவார்கள்.

‘கெமிக்கல்’ என்றதும் அலறுவதால் வருகிற இன்னொரு ஆபத்தையும் சொல்லவேண்டும். களிம்பு கெடாமலிருக்கப் பாரபென் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அதன்மேல் சந்தேகம் கிளம்பிற்று. ஐரோப்பாவில் 2014-ல் அந்த வம்சத்தில் ஐந்து பேரைத் தடை செய்து, சிலருக்கு அளவு குறைத்து, மற்றவர்களை இருக்கவிட்டார்கள். நிதானமான காரியம். ஆனால் ஜனங்கள் வம்சத்தையே வெறுத்தார்கள். ‘பாரபென் இல்லை’ என்று டப்பாவில் போட்டுக்கொள்ளும் ஆசையில் கம்பெனிகள் மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற வேறொன்றைச் சேர்த்தன. பெயரைப் போலவே குணமும் கரடுமுரடு. அதனால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சருமத்தில் ஒவ்வாமை பரவியது. பூசிவிட்டு அப்படியே விட்டுவிடுகிற களிம்புகளில் அதை 2017-ல் தடை செய்யும்படியாயிற்று. பேய்க்குப் பயந்து பிசாசிடம் அடைக்கலம் புகுந்த கதை.

அப்படியானால் வீட்டில் ஒன்றுமே செய்துகொள்ளக் கூடாதா என்று வாசகர்கள் கேட்பார்கள். தாராளமாகச் செய்துகொள்ளலாம். மயிலாப்பூர்க் கச்சேரி சாலையில் டப்பா செட்டிக் கடை இருக்கிறது. அடையாற்றைத் தாண்டித் திருவான்மியூர்ப் பக்கம் போனால், 1944-ல் வைத்தியர்கள் கூட்டுறவாக ஆரம்பித்த இம்ப்காப்ஸ் இருக்கிறது. பெயரும் விலாசமும் உள்ள இடங்கள். பயத்தம் பருப்பு அரைக் கிலோ, பூலாங்கிழங்கு 50 கிராம், கோரைக்கிழங்கு 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம், ஒரு கைப்பிடி உலர்ந்த ரோஜா இதழ், ஒரு கைப்பிடி ஆவாரம்பூ. மொறுமொறுவென்று காய வைத்து, மிஷினில் நைஸாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். திப்பி முகத்தைக் கீறும். ஈரக் கை படாமல் டப்பாவில் வையுங்கள். வேண்டியதை மட்டும் எடுத்து, அப்போதைக்கு அப்போது குழைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை முழங்கைக்கு உட்புறம் தடவி இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு, பிறகு முகத்துக்குப் போங்கள். மஞ்சள் சேர்ப்பதானால் பளபளப்பானதை விட்டு மங்கலானதைத் தேடி வாங்குங்கள்.

அதனிடம் அழுக்கைப் போக்கச் சொல்லுங்கள், போக்கும். உங்கள் பாட்டனார் கொடுத்த நிறத்தைப் போக்கச் சொல்லாதீர்கள்.

தண்ணீர் கலந்த களிம்பை மட்டும் வீட்டில் செய்து மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் இருக்கிற இடத்தில் கிருமி குடியேறும். கற்றாழைச் சோற்றுக்கும் இதே நியாயந்தான். நாலு நாள் சாம்பாரைச் சாப்பிடாதவர்கள் நாற்பது நாள் கற்றாழையை முகத்தில் பூசலாமா? விற்பதற்குச் செய்தால் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். மாமியின் கைராசி லைசென்ஸ் ஆகிவிடாது. வெயிலுக்குக் கலப்படமே செய்ய முடியாத ஒரு மருந்து உண்டு. மயிலாப்பூர்க் கிழவர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்களே, அந்தக் குடை.

சர்க்காரிடமும் ஒரு விண்ணப்பம். தேனாம்பேட்டையில் மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககம் இருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் பரிசோதனைச் சாலை இருக்கிறது. ரங்கநாதன் தெருவோ தேனாம்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம். மாதத்துக்கு ஒரு நாள் ஒருவர் சாதாரண உடையில் போய், பெயரில்லாத டப்பாவில் பத்து வாங்கிப் பரீட்சை செய்து, முடிவைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் போட என்ன தடை? ஒரு நடிகையின் கல்யாணத்துக்குக் கொடுக்கிற இடத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்ல ஒன்று மீதியிருக்கிறது. அடுத்த தடவை யாராவது உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் தின்றுவிட்டு, ‘பெண் கொஞ்சம் நிறம் மட்டு’ என்று ஆரம்பித்தால், களிம்புக் கடைக்குப் போகாதீர்கள். செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று அவர்களுக்குக் காட்டுங்கள். பெண்ணின் நிறத்தைக் காப்பாற்றுவதற்காக அல்ல. அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அவளுக்கு இருக்கிறவை இரண்டே சிறுநீரகங்கள். அவற்றுக்காகவாவது செய்யுங்கள்.